வேலன் நிலையத்துக்கு வழி

புரட்டாசி 4, திங்கள்

விடியலிலிருந்து தூறல். கொள்முதல் நிலையத்து வாசலில் நம் குறுவை நெல், தார்ப்பாய்க்கு அடியில், ஆறாம் நாள். ஈரம் போக வெயில் வேண்டும். டீக்கடையில் 'நாளைக்கு அடிக்கும், விசாரிச்சுட்டேன்' என்று சொல்லி வைத்திருக்கிறேன். யாரிடம் விசாரித்தேன் என்று யாரும் கேட்கவில்லை.

உரக்கடையில் கொடுத்த டைரி இது. டிராக்டர்காரர் நம்பர், நாற்று விட்ட தேதி, இவ்வளவுதான் இதுவரை. இன்று எழுதுகிறேன். வெளியில் சொல்ல முடியாதது.

நேற்று தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து சாரதா அக்காவை வீட்டுக்குக் கூட்டிவந்தாயிற்று. வயிற்றில் கட்டி. ஈரல் வரை போய்விட்டது. டாக்டரம்மா சின்ன வயசு. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வரவேண்டியவங்களை வரச் சொல்லிடுங்க" என்றார். எத்தனை நாள் என்று கேட்டேன். என் சட்டைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊருக்கு வந்து நான் சொன்னது: பெரிய டாக்டர் எனக்கு நாற்காலி போட்டார், காபி வரவழைத்தார், 'உங்களை மாதிரி தம்பி இருக்கும்போது என்ன பயம், மாதுளம்பழம் கொடுங்க' என்றார். ஐந்தாறு பேர் நம்பினார்கள். விஜயா நம்பவில்லை. என் மனைவி. முப்பத்தொரு வருஷப் பழக்கம்.

வரவேண்டியவன் ஒருத்தன்தான். இளங்கோ. அக்காவின் ஒரே மகன். போலந்து தேசத்தில் வெல்டர். ஒன்றரை வருஷமாகப் பேச்சு இல்லை. நம்பரை மாற்றிவிட்டான்.

ஏன் என்று எழுத வேண்டும். பிறகு.

புரட்டாசி 5, செவ்வாய்

வேலை:
— நெல்லைக் கிளறிவிட
— அடங்கல் நகல் (வயலில் என்ன பயிர் என்ற கணக்கு, கொள்முதலுக்குக் கேட்கிறார்கள்)
— அக்காவுக்கு நார்த்தங்காய். வாய் கசக்கிறதாம்
— மண்ணெண்ணெய் விளக்குத் திரி

அடங்கலுக்காகத் திருப்பனந்தாள் போனேன். கடைவீதியில் இ-சேவை மையம், ஜெயந்தி நடத்துவது. இளங்கோவோடு பள்ளிக்கூடம் படித்த பெண். இவள் தகப்பன் எங்கள் வயலில் நடவு ஆள், இவள் எம்.எஸ்ஸி. நான் எட்டாவது. ஊரில் பி.யு.சி. என்று சொல்லியிருக்கிறேன்.

அடங்கலை அச்சடித்துக்கொண்டே, "அத்தைக்கு எப்படி இருக்கு அங்கிள்?" என்றாள்.

"கல்லு மாதிரி இருக்கு" என்றேன். பிறகு என்னவோ, உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

ஜெ. மெஷினை நிறுத்தினாள். "அவனோட பேச ஒரு எடம் இருக்கு. ஆனா அது பூமியில இல்ல."

அவன் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு ஆடுகிறானாம். ஆகாயத்தில் கப்பல் ஓட்டுவது. உலகம் முழுக்க லட்சம் பேர். அதில் கடைக்கோடியில் ஒரு நிலையம். சக்கரம் மாதிரி சுற்றும். அங்கே இவன் அடிபட்ட கப்பல்களுக்கு ஒட்டுப் போடுகிறான். பகலெல்லாம் வெல்டிங், ஓய்விலும் வெல்டிங். நமக்கு மதியம் இரண்டரை என்றால் அங்கே காலை. ஷிப்டுக்குப் போகும் முன் தினமும் அங்கே இருப்பான்.

"நீ சொன்னியா பாப்பா, அக்கா விஷயத்தை?"

"ஆஸ்பத்திரியில சேத்த அன்னைக்கே அங்க எழுதினேன். 'மாமா உன்னையும் பேச வச்சுட்டாரா'ன்னு கேட்டான். அதுக்கப்புறம் எனக்கும் பதில் இல்ல."

போட்டோ எடுத்து அனுப்பலாம் என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். போன தடவையும் போட்டோ அனுப்பியவன் நான் என்று அவளுக்குத் தெரியும்.

நிலையத்தின் பேர் வேலன் என்றாள். என் காதில் அப்படித்தான் விழுந்தது. சுவாமிமலை இருக்கும் திசைக்கு ஒரு கும்பிடு போட்டேன். ஆகாயத்தில் போயும் நம் ஆள் பேர்!

புரட்டாசி 6, புதன்

மேகமூட்டம். மழை இல்லை. வெயிலும் இல்லை.

டீக்கடையில் சொன்னேன்: "மத்தியானம் நிலையத்துக்குப் போறேன்."

"நெல்லு எடுக்குறாங்களா?" என்று எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

"அந்த நிலையம் இல்லய்யா. ஆகாயத்துல. முருகன் பேருல வெள்ளக்காரன் கட்டியிருக்கான். எனக்குத் தனிக் கப்பல்."

கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்தி, "மூட்டைய அங்கயே போட்டுட்டு வந்துருங்க கலியபெருமாள், அங்கயாச்சும் ஈரம் பாக்க மாட்டாங்க" என்றார். நானும் சிரித்தேன். சிரிக்கும்போது அக்கா ஞாபகம்.

மையத்தில் கூட்டம். ஜெ. எனக்கு ஓரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கொடுத்து, கணக்குத் திறந்து, போகுமிடம் எழுதுகிற கட்டத்தைக் காட்டி, "பேரை அடிச்சு இதை அழுத்துங்க, கப்பல் தானாப் போகும். இங்கிலீஷ்ல அடிக்கத் தெரியுமா?" என்றாள். "கும்பகோணத்துல டைப்ரைட்டிங் ஹையர்" என்றேன். வேலனுக்கு எழுத்து ஐந்து. ஒவ்வொன்றாகத் தேடி அடித்தேன்.

கப்பல் கிளம்பியது. ஒரு மணி நேரம் கறுப்பு, நட்சத்திரம், கறுப்பு. ராத்திரி வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனதுபோல் இருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை.

புரட்டாசி 7, வியாழன்

வேலனுக்கு வந்து சேர்ந்தாயிற்று. சின்ன இடம். நாலு டப்பா, ஒரு விளக்கு. இதற்கா உலகம் முழுக்கப் பேர் என்று நினைத்தேன். இரண்டு மணி நேரம் 'இளங்கோ, மாமா வந்திருக்கேன்' என்று அனுப்பிக்கொண்டே இருந்தேன். கடைசியில் ஒருவர் தமிழில்: 'ஐயா, யாரைத் தேடறீங்க? நான் கிள்ளான், மலேசியா. இது என் சொந்த டிப்போ. தைப்பூசத்தன்னைக்கு ஆரம்பிச்சேன், அதான் இந்தப் பேரு.'

ஜெ. வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். வேலன் இல்லை, வெலின். ஓர் எழுத்து. ரஷ்ய ஆள் பேர். இது இந்த மூலை, அது அந்த மூலை. திரும்பிப் போக இரண்டு நாள்.

இரண்டு நாள்! அக்கா இன்று கஞ்சி மூன்று கரண்டிதான்.

கிள்ளான்காரர் நல்ல மனுஷன். என் கப்பலுக்கு எரிபொருள் நிரப்பிக் கொடுத்தார். 'தங்கச்சி மகனா ஐயா?' என்று கேட்டார். 'அக்கா மகன்' என்றேன். 'அப்ப சீர் செய்யப் போறீங்க' என்றார். கடல் தாண்டிப் போயும் மறக்கவில்லை.

ஆமாம். சீர். செய்த சீரை இப்போது எழுதிவிடுகிறேன்.

போன வருஷம் தைக்கு அப்புறம். வலங்கைமான் பக்கம் ஒரு பெண், நல்ல இடம். இளங்கோவை வரச் சொன்னால் வேலை, லீவு இல்லை என்றான். அக்காவுக்கு அப்போது வெறும் காய்ச்சல். கிளினிக்கில் ஊசி போட்டு, டிரிப் ஏற்றினார்கள். நான் ஒரு போட்டோ எடுத்தேன். 'அம்மா சீரியஸ். உடனே புறப்படு' என்று அனுப்பினேன். வந்ததும் சிரித்துப் பேசி, பெண்ணைக் காட்டி, நிச்சயம் பண்ணிவிடலாம் என்று கணக்கு. ஊரில் எத்தனை கல்யாணம் இப்படி நடந்திருக்கிறது! நான் புதிதாக ஒன்றும் செய்யவில்லை.

லீவு சொல்லாமல் வந்தான். திருச்சியில் இறங்கி, கார் வைத்துக்கொண்டு, வழியெல்லாம் அழுது. வாசலில் வந்து நின்றால் உள்ளே பஜ்ஜி வாசனை. பெண் வீட்டார் வருவதற்காக அக்கா வாழைக்காய் போட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிவிட்டான். அங்கே வேலையும் போய், வேறு கம்பெனியில் அடிமட்டத்திலிருந்து தொடங்கினானாம்.

நான் அப்போது பெண் வீட்டாரை எதிர்கொண்டு அழைக்கப் போயிருந்தேன். அவர்களிடம், மாப்பிள்ளைக்குக் கம்பெனியிலிருந்து அவசர அழைப்பு, அவன் இல்லாமல் போலந்தில் ஒரு பாலத்து வேலையே நிற்கிறது என்றேன்.

புரட்டாசி 9, சனி

பெருமாள் சனிக்கிழமை. விஜயா தளிகை போட்டாள். அக்காவுக்குத் துளசித் தீர்த்தம் மட்டும்.

ஒரு மணிக்கே மையம். இன்று சேர்ந்துவிட்டேன். அடேயப்பா. உண்மையாகவே சொல்கிறேன், கூட்டவில்லை: திருவாரூர்த் தேர் போல நாலு மடங்கு ஒரு சக்கரம், இருட்டில் மெதுவாகச் சுற்றுகிறது. வாசலில் கப்பல்கள் வரிசை. திரையில், 'உங்கள் முறை: 14'.

ஜெ. "காத்திருக்கணும் அங்கிள்" என்றாள். எனக்கா சொல்லித்தர வேண்டும்? வாய்க்காலில் தண்ணீர் முறை வைக்கும் ஊர்க்காரன். மேல்மடைக்காரன் பாய்ச்சி முடிக்கும்வரை மண்வெட்டியோடு உட்கார்ந்திருக்கத் தெரியும்.

காத்திருக்கும்போது அந்த ரஷ்ய ஆள் கதையைச் சொன்னாள். விளையாட்டுக்குள் வரும் கதை. வெலின் தனியாகக் கப்பலில் போன முதல் ஆட்களில் ஒருவன். திரும்பும் வழியில் காற்று ஒழுகியது. கீழே இருப்பவர்கள் கேட்டபோதெல்லாம் 'எல்லாம் நலம்' என்றே ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்தான். கடைசிவரை. நிலையத்துக்குள் இன்னும் அந்தக் குரலைப் போடுகிறார்கள், மணிக்கு ஒரு தடவை.

"நம்ம ஆளுதான்! கீழ இருக்கறவங்க பயப்படக் கூடாதுன்னு சொல்லியிருக்கான்."

"முதல்லயே உண்மையச் சொல்லியிருந்தா இன்னொரு கப்பல் போயிருக்கும். அதுக்கு நேரம் இருந்துச்சு" என்றாள் ஜெ.

முறை வந்தது. உள்ளே பெரிய கூடம். கண்ணாடி. நடுவில் வெலின் சிலை, தலைக்கவசம் கையில். சிலை பீடத்தில் வந்து போனவர்கள் எழுதி வைத்த சீட்டுகள். ஓரத்தில் பட்டறை. அங்கே ஓர் ஆள் பொம்மை, தலைக்கு மேல் பேர்: மண்ணியாறு.

நம் ஆற்றின் பேர். வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற ஆறு. மறந்தவன் இந்தப் பேரை வைப்பானா?

நான் சொல்லச் சொல்ல ஜெ. அடித்தாள். பதிலை வாசித்தாள்.

'மாப்ள, மாமாடா.'

பிறகு: 'இங்கயும் வந்துட்டீங்களா.'

'அம்மாவுக்கு உடம்பு சரியில்லப்பா. வயித்துல கட்டி. நெசம்.'

'போன தடவையும் நெசம்னுதான் சொன்னீங்க. போட்டோவெல்லாம் வேற.'

'உன் அப்பன் மேல சத்தியம்.'

'அவர் மேல ஏற்கனவே நாலு பண்ணியிருக்கீங்க மாமா.'

ஜெ. சிரித்துவிட்டாள். நானும். பிறகு அவன் எழுதினான்: 'நான் ஒண்ணு கேக்கறேன். அன்னைக்கு வாசல்ல நானும் அம்மாவும் மட்டும்தான். அம்மா கையில என்ன இருந்துச்சு? அம்மாகிட்ட கேட்டு வந்து சொல்லுங்க. நீங்களா சொல்லாதீங்க.'

சைக்கிளில் வீடு வரை எதிர்க்காற்று. மிதித்ததே தெரியவில்லை.

புரட்டாசி 10, ஞாயிறு

மையம் விடுமுறை. நெல் ஒரு பக்கம் முளை கட்டியிருக்கிறது. தள்ளி வைத்தேன்.

அக்காவிடம் கேட்டேன். கண் திறக்க நேரமாயிற்று. குரல் மூக்கிலிருந்து வருகிறது.

"அன்னைக்கா... ஜல்லிக்கரண்டிதான். எண்ணெ சொட்டிக்கிட்டு இருந்துச்சு. அவன் புது பூட்ஸு மேல ரெண்டு சொட்டு. தொடைக்கலாம்னு குனிஞ்சேன். நிமுந்து பாத்தா முதுகு தெரியுது."

"வேற?"

"வேற என்ன. அவ்வளவுதான் கலியா."

எழுதிக்கொண்டேன். ஜல்லிக்கரண்டி. எண்ணெய். இரண்டு சொட்டு. பூட்ஸ். பள்ளிக்கூடத்தில் இப்படி மனப்பாடம் பண்ணியிருந்தால் நிஜமாகவே பி.யு.சி. ஆகியிருப்பேன்.

புரட்டாசி 11, திங்கள்

கையெழுத்து சரியில்லை. பார்க்காதே, எழுது.

இரண்டரைக்கு அவன் இருந்தான். சொன்னேன். ஜல்லிக்கரண்டி, பூட்ஸ் மேல் இரண்டு சொட்டு எண்ணெய், துடைக்கக் குனிந்தாள்.

ஜெ. நகத்தைக் கடித்தாள். வெலின் குரல் ஒரு தடவை சொல்லி முடித்தது, கரகரவென்று.

பிறகு: 'அந்தக் கறை இன்னும் போகல.'

பிறகு: 'டாக்டர் என்ன சொன்னாங்க?'

நம்பிவிட்டான்! ஜெ. என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். வரவேண்டியவங்களை வரச் சொல்லிடுங்க என்று டாக்டரம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். 'எந்த வார்டு, என்ன மாத்திரை' என்று கேட்டான். சொன்னேன். 'லீவு கேக்கறேன்' என்று வந்தது.

அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தினேனா?

நன்றாகப் போகிறதே, இன்னும் ஒரு பிடி போட்டால் இன்றைக்கே கிளம்பிவிடுவானே என்று. வாய் தானாக ஓடியது. "எழுதும்மா: உன் பின்னாடியே கரண்டியோட ஓடினாடா. மண்ணியாத்துப் பாலம் வரைக்கும். மாப்ள மாப்ளன்னு கத்திக்கிட்டு. பாலத்துல மயங்கி விழுந்துட்டா. அன்னைக்குப் புடிச்சதுதான் இந்த நோவு."

ஜெ. விரல் நின்றது. "இதுவும் அத்தை சொன்னதா?"

"ஆமா. எழுது."

எழுதினாள். அக்கா பெற்ற மகனை 'மாப்ள' என்று கூப்பிடுவாளா? அதுகூடத் தோன்றவில்லை எனக்கு.

பதில் உடனே வந்தது. ஜெ. வாசிக்கவில்லை. திரையை என் பக்கம் திருப்பினாள். எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

'அன்னைக்கு அந்தப் பாலத்துல ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன் மாமா. காரை அனுப்பிட்டேன். யாராவது கூப்பிட வருவாங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். யாரும் வரல.'

அவ்வளவுதான். பொம்மை மறைந்துவிட்டது. பட்டறை விளக்கு அணைந்துவிட்டது.

யாரோ வருமானச் சான்றிதழ் கேட்டு வந்தார்கள். ஜெ. எழுந்து போனாள்.

புரட்டாசி 12, செவ்வாய்

மழை. நெல்லைப் போய்ப் பார்க்கவில்லை.

மையத்துக்குப் போனேன். மண்ணியாறு இல்லை. நிலையத்தை விட்டே போய்விட்டான் என்று பக்கத்துப் பட்டறைக்காரன் சொன்னானாம். எங்கே என்று தெரியாது. ஆகாயம் பெரிசு.

வீட்டுக்கு வந்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டேன்.

"ஏன்க்கா அன்னைக்கு அவன் பின்னாடி போகல? பாலம் இந்தா இருக்கு."

"போகத்தான் கெளம்புனேன். செருப்பு மாட்டிட்டேன். அதுக்குள்ள நீதான போன் பண்ணுன."

"நானா?"

"நீதான். புள்ள திரும்பிட்டான்டா, போய்ப் பாக்கறேன்னேன். 'நீ எதுக்குக்கா அலையற, என் பக்கத்துலதான் நிக்கிறான், சமாதானம் பண்ணிட்டேன், டீ குடிச்சுட்டுக் கூட்டிட்டு வரேன், நீ பஜ்ஜியப் போடு'ன்ன. செருப்பக் கழட்டிட்டு அடுப்புக்குப் போயிட்டேன்."

சொன்னேன். ஞாபகம் வந்துவிட்டது. கடைத்தெருவில், பெண் வீட்டார் கார் வருகிற சமயம். அக்கா பதறக் கூடாது, வருகிறவர்கள் முன்னால் முகம் வாடக் கூடாது என்று. நாக்கு நுனியில் இருந்ததைச் சொன்னேன். சொன்னதையும் மறந்தேன்.

அவன் பாலத்தில். அவள் அடுப்படியில். நடுவில் நான்.

அக்கா என் கையைத் தடவினாள். "டீ நல்லாருந்துச்சா" என்றாள். எந்த டீ, எந்த நாள் என்று தெரியவில்லை. "நல்லாருந்துச்சு" என்றேன்.

புரட்டாசி 13, புதன்

காலை தண்ணீர் மட்டும். கால் வீக்கம். நர்ஸம்மா வந்து பார்த்து, "பக்கத்துலயே இருங்க" என்றது.

ஒரு மணி நேரம் மட்டும் விஜயாவை உட்கார வைத்துவிட்டுத் திருப்பனந்தாள்.

ஜெ. சொன்னாள்: "சிலைக்குக் கீழ சீட்டு வைக்கலாம். என்னைக்காவது அந்தப் பக்கம் வந்தா படிப்பான். ஆனா நீங்க சொல்றத நான் அடிக்க மாட்டேன். முதல்ல பேப்பர்ல எழுதிக் காட்டுங்க."

பழைய விண்ணப்பப் படிவத்தின் பின்பக்கம் எழுதினேன். முதல் சீட்டு ஒரு முழுப் பக்கம். வாசித்தாள். "ரயில்வே கேட்ல மயங்கி விழுந்தேன்னு இருக்கே, நீங்களா? எப்ப?" அதைக் கோடு போட்டு அடித்தேன். இரண்டாவது அரைப் பக்கம். "ஊரே அழுதுச்சுன்னு போட்டிருக்கீங்க." அடித்தேன். மூன்றாவது. நான்காவது. 'என் உயிரே' என்பதை அடித்தேன். உயிர் இருக்கிறது, சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

கடைசியில் நின்றது இது. இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

'இளங்கோ. பாலம் வரை ஓடினாள் என்றது பொய். அம்மா செருப்பு மாட்டிக் கிளம்பினாள். நீ என்னோடு நிற்பதாகப் போனில் சொல்லி நிறுத்தியது நான். கட்டி நிஜம். சோறு இறங்கவில்லை. கலியபெருமாள்.'

ஜெ. இரண்டு தடவை படித்தாள். "இது போதும்" என்றாள். அடித்தாள். அடித்து முடித்து மூக்கை உறிஞ்சினாள். இதோடு சேராத ஒரு விஷயம்: முதல் தடவையாக என்னை 'மாமா' என்றாள்.

சீட்டு போய் பீடத்தில் ஒட்டிக்கொண்டது. நூறு சீட்டு நடுவில் ஒன்று. வெலின் மேலே பார்த்துக்கொண்டு நிற்கிறான். மணி அடித்து அவன் குரல் வந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்த பிறகு கேட்க முடியவில்லை. சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன்.

சாயங்காலம் ஜெ. போன்: சீட்டை ஒருத்தர் படித்ததாகக் காட்டுகிறதாம். யார் என்று காட்டாதாம். யாராகவும் இருக்கலாம். தமிழ் தெரியாதவனாகவும் இருக்கலாம்.

டீக்கடையில், "நிலையம் என்ன ஆச்சு?" என்றார்கள். "ஒண்ணும் ஆகல" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. கடைக்காரர், "உடம்புக்கு முடியலையா உங்களுக்கு?" என்று கேட்டார்.

புரட்டாசி 14, வியாழன்

வெயில். பத்து நாளில் முதல் வெயில், பளீரென்று. நெல்லைப் பரப்ப ஆள் விட்டிருக்கிறேன். நான் போகவில்லை.

அக்காவுக்குக் காலையில் நல்ல தெளிவு. விஜயா தலை வாரிவிட்டாள். இந்தத் தெளிவு எனக்குப் பிடிக்கவில்லை. அப்பாவுக்கும் கடைசி நாள் இப்படித்தான்.

"கலியா. வந்துட்டானா?"

இத்தனை நாளும் கேட்டாள். இத்தனை நாளும், 'டிக்கெட் போட்டுட்டான்', 'ஏரோப்ளேன் ஏறிட்டான்', 'துபாய்ல மாறுறான்' என்று ஒவ்வொரு ஊராக அவனை நகர்த்திக்கொண்டு வந்திருக்கிறேன். இன்று திருச்சிதான் பாக்கி.

சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணினேன். பாயில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு:

"இல்லக்கா. வரல. ஏரோப்ளேனெல்லாம் நான் சொன்ன பொய். அவன் கெளம்பவே இல்ல. வருவானான்னும் தெரியல."

அக்கா என் முகத்தையே பார்த்தாள். நான் அழுதுகொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். மெல்ல, உதட்டுக்கோடியில் ஒரு சிரிப்பு வந்தது. மாசக்கணக்காகப் பார்க்காத சிரிப்பு.

"விஜயா, இவனப் பாரு. வாசல்ல நிறுத்தி வச்சிக்கிட்டு வரலங்கறான்."

"இல்லக்கா. நெசமாத்தான்."

"நெசமாம்! அம்பது வருஷமா ஒன்னப் பாக்கறேன். நீ வந்துட்டான்னு சொன்னாதான்டா எனக்குப் பயம்."

"சத்தியமா வரலக்கா."

"சத்தியம் வேற." மூச்சு வாங்கினாள். "எங்க, திருச்சியா, கும்பகோணமா? சரி, சொல்லாத. நான் கேக்கல. வாழக்கா வாங்கிட்டு வா. அன்னைக்கு அவன் ஒண்ணுகூடத் திங்கல."

விஜயா என்னைப் பார்த்தாள். நான் விஜயாவைப் பார்த்தேன்.

கண்ணை மூடிக்கொண்டே, "எண்ணெய இப்பவே காய வச்சுறாதீங்க. தல தெரிஞ்சதும் வைங்க. ஆறிப்போனா அவனுக்குப் புடிக்காது" என்றாள்.

வாழைக்காய் நாலு. சீவி உப்புத் தண்ணீரில் போட்டிருக்கிறது, கறுக்காமல் இருக்க. மாவு கரைத்தாயிற்று. ஜல்லிக்கரண்டி ஆணியில் இருந்தது, எடுத்துக் கழுவி அடுப்பு மேல் வைத்தேன். மணி பன்னிரண்டே கால். எண்ணெய் இன்னும் காய வைக்கவில்லை.